மாவு மில்லுக்கு நடந்து போன கற்கள்

எங்கள் ஊரில் கற்கள் நடக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சொசைட்டி வாசலில் பால் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், டைப்ரைட்டிங் அவிநாசியப்பன் வீட்டு அலமாரியில் ஒன்பது வருஷமாக வெல்வெட் துணிமேல் உட்கார்ந்திருந்த நிலாக்கல் ஒன்று, கேட்டைத் தாண்டி, சாக்கடைப் பாலத்தைத் தாண்டி, ரோட்டின் இடது ஓரமாகவே வந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய், துளசிமணியின் மாவு மில் படியேறி நின்றது. கோழிமுட்டையளவு கல். நிறைமாதக்காரி கோயிலைச் சுற்றுகிற வேகத்தில்தான் அது போனது என்பதால் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் நிதானமாகப் பார்த்தார்கள். அது நடந்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு கல் நடப்பது என்று முடிவு செய்துவிட்டால் நாம் யார் கேட்பதற்கு. ஆனால் அது துளசிமணி வீட்டுக்குப் போனது, என் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இதைச் சொல்லும்போதும் எரிகிறது, மறைப்பானேன்.

நான் நாச்சிமுத்து, வெங்கச்சாவலசு பால் சொசைட்டியில் பால் சோதிக்கிறவன். லேக்டோமீட்டரை விடுவதற்கு முன்பே, சொம்பைச் சாய்க்கும்போது பால் விழுகிற சத்தத்தைக் கேட்டே தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு என்னைக் கண்டால் ஆகாது. அது என் பிழைப்பு. என் உயிர் இருந்தது கல்லில். எங்கள் பக்கத்து மண்ணில் கிணறு வெட்டினால் தண்ணீர் வருமோ வராதோ, கல் வரும். படிகம் வரும், நிலாக்கல் வரும், மாதுளை முத்துப்போலச் சிவந்த கார்னெட் வரும். மழை விட்ட மறுநாள் காலையில் சூரியனுக்கு எதிர்முகமாகக் குனிந்து நடந்தால் செம்மண்ணில் அவை கண் சிமிட்டும். விற்கிறவர்கள் எடுத்து விற்பார்கள். விற்காமல் எடுத்து, கழுவி, பேர் எழுதி, அலமாரியில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிற பைத்தியங்கள் நாங்கள் பதினோரு பேர். எங்கள் கல்லுச் சங்கம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவிநாசியப்பனின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், மெஷின்களுக்கு நடுவே பாய் விரித்துக் கூடும்.

சங்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கல்லைக் கண்டெடுத்தவர் என்ன பேர் சொல்கிறாரோ அதுதான் அந்தக் கல்லுக்குப் பேர். அடுத்தவர் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பதோ, லென்ஸ் பிடிப்பதோ, கீறிப் பார்ப்பதோ கூடாது. அது ஒருவர் பெண்டாட்டியைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பதற்குச் சமம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கரட்டுத்தோட்டத்தில் புதுக்கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில் மாங்கொட்டை அளவுக்கு ஒரு நீலக் கல்லை நான் எடுத்தேன். சட்டையில் துடைத்து, "அக்வாமரின்" என்றேன். பத்துப் பேரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான், அது அக்வாமரின். அத்தனை பெரிய கடல்நீலக் கல் சங்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. அந்த ஒரு கல்லுக்காகவே என்னைத் தலைவராக்கினார்கள், பதினெட்டு வருஷமாக நான்தான் தலைவர். வெள்ளிக்கிழமைதோறும் மல் துணியால் அதைத் துடைப்பேன். "கல்யாணமாகி இத்தன வருசத்துல எம்மூஞ்சிய ஒரு நாளாவது இப்படித் தொடச்சு உட்ருப்பீங்களா" என்பாள் என் மனைவி லோகநாயகி. அவள் கேட்பதில் நியாயம் இருந்தது, ஆனால் எனக்கு அப்போது கை வேலையாக இருக்கும்.

துளசிமணி சங்கத்தில் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்ந்து ஏழே மாதம். ஐம்பது வயதிருக்கும், கண் இமையில் எப்போதும் மாவு படிந்திருக்கும், வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் மாதம் ஒரு தடவை திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை என்று எங்களோடு காட்டுக்கு வந்தவள். பேர் எழுதி ஒட்ட மாட்டாள், அலமாரி கிடையாது, விளிம்பு நெளிந்த தட்டு ஒன்றில் ஏழெட்டுக் கல் போட்டு வைத்திருந்தாள். இது என்ன கல் என்று கூட்டத்தில் கேட்டால், "தெரியலீங்ணா, நல்லாருந்துச்சு, எடுத்துட்டனுங்" என்பாள். அவளைத் தேடித்தான் கல் போனது. மறுநாள் இரண்டு போயின. அதற்கு மறுநாள் ஐந்து.

அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க நான் கம்பு எடுத்துக்கொண்டு மாவரைக்கப் போனேன். அடுத்த நாள் ராகி, அடுத்த நாள் கோதுமை, அதற்கடுத்த நாள் மறுபடியும் கம்பு.

"என்னுங்ணா, நேத்துத்தானுங் அரச்சுட்டுப் போனீங்க. ஊட்ல விசேசமுங்களா?" என்றாள் துளசிமணி.

"ஒரம்பரை வர்றாங்கம்மிணி" என்றேன், யாரோ சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து இறங்கப்போவது போல. பேச்சோடு பேச்சாக, "வர்ற கல்லுக்கு நீ என்ன வெக்கற?" என்று கேட்டேன்.

"என்னத்த வெக்கறதுங்ணா. அவ்ளோ தூரம் நடந்து வந்துருக்குதேன்னு ஒரு சொம்பு தண்ணி ஊத்துவனுங். அப்பறம் எங்கியோ ஓரமா எடம் பண்ணிக் குடுப்பன்."

வீட்டுக்கு வந்து என் நானூற்றுப் பன்னிரண்டு கல்லுக்கும் தண்ணீர் ஊற்றினேன். அலமாரிப் பலகை ஊறிப் புடைத்தது, எழுதி ஒட்டிய பேர்களெல்லாம் மை கரைந்து போயின. லோகநாயகி மாவு டப்பாக்களை வரிசையாகத் திறந்து காட்டி, "நாம ரெண்டு பேரு இருக்கறோம். இத யாரு திங்கறதுங்க? மாட்டுக்கு வெச்சு மாடும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு" என்றாள்.

ஊர் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். முதல் நாள் கோயில் குருக்கள் ஒரு தேங்காய் உடைத்தார், இரண்டாம் நாள் அதையும் விட்டுவிட்டார். கோலம் போடுகிற பெண்கள் இடது பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடப் பழகினார்கள், பிறகு அந்த இடைவெளியே அழகாக இருக்கிறது என்று கல் போகாத தெருக்களிலும் அப்படியே போட்டார்கள். பேரூராட்சியில் தீர்மானம் போட்டு ரோட்டோரம் மஞ்சள் கோடு இழுத்து, 'கற்கள் செல்லும் வழி, வாகனங்கள் நிறுத்தக் கூடாது' என்று பலகை நட்டார்கள். தாராபுரத்துப் பஸ் கல் கடக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும், அந்த நேரத்தில் பயணிகள் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறுவார்கள். வேகத்தடையில் ஏற முடியாமல் திணறுகிற கல்லைப் போகிறவர் வருகிறவர் எவராவது காலணியைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கி அந்தப் பக்கம் விடுவார். மாப்பிள்ளை அழைப்புக் காருக்கு முன்னால் மூன்று கல் போனதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கல் போகிற நேரம் பார்த்தே ஊர்வலம் கிளப்பினார்கள்.

எந்தக் கல் போகும், எது போகாது என்பதும் நாளடைவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மி நகரவில்லை, ஆட்டுக்கல் நகரவில்லை, மைல் கல் நின்ற இடத்தில் நின்றது, காட்டில் கிடந்த கல் காட்டில் கிடந்தது. ஒரு கை ஆசைப்பட்டு எடுத்து, ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்த கல் மட்டும்தான் கிளம்பியது. கல் போன வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்கப் போனார்கள். அவிநாசியப்பனுக்குக் கடைசிக் கல்லும் போன அன்றைக்கு நானும் போனேன். அவர் மனைவி எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். "எத்தன வருசமுங்க இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்க, "ஒம்போதுங்க, ஒரு கொறையும் வெக்கல" என்று அவிநாசியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அவர் அலமாரி என்னுடையதைவிட நல்ல தேக்கு.

கார்த்திகையில் என் முறை வந்தது. முதலில் கார்னெட்டுகள் கூட்டமாகப் போயின. ஜன்னலைச் சாத்தினேன், குளியலறையில் தண்ணீர் போகிற துவாரம் வழியாகப் போயின. செங்கல் வைத்து அடைத்தேன், செங்கல் மேல் ஏறிப் போயின. சைக்கிள் செயின் அறுந்து நாலு மைல் தூரம் தோளில் சுமந்து கொண்டுவந்த ஆறுபட்டைப் படிகம் ஒன்று கிளம்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை, செருப்பைக்கூட மாட்டாமல் அதன் பின்னாலேயே நடந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். அது மஞ்சள் கோட்டை விட்டு ஒரு விரல்கூட விலகாமல் போய்க்கொண்டிருந்தது. பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நாச்சிமுத்தண்ணா, உங்க கல்லுங்களா? நல்ல லச்சணமான கல்லுங்க" என்றார். அவரை அறையலாம் போல இருந்தது.

துளசிமணி படியில் காத்துக்கொண்டு நின்றாள். என் படிகத்தின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, முந்தானையில் ஒற்றி, கோதுமைச் சாக்குகளுக்கு மேலே பலகையில் வைத்தாள். அங்கே என் கார்னெட்டுகள் இருந்தன, அவிநாசியப்பனின் நிலாக்கற்கள் இருந்தன, எல்லாம் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு, மாவுத்தூசிக்குள்ளேயும் மினுமினுவென்று இருந்தன. இருபது வருஷம் குழல் விளக்குப் போட்டுத் துடைத்து வைத்த என் வீட்டில் அவை ஒரு நாளும் அப்படி மினுங்கியதில்லை. அதுதான் என்னை அறுத்தது.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்ணா. நான் ஒண்ணும் வரச் சொல்லலீங்" என்றாள்.

தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் காலையில் அது மறுபடியும் மஞ்சள் கோட்டில் போய்க்கொண்டிருந்தது.

போகிறதெல்லாம் போகட்டும், நீலக் கல் மட்டும் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். அது போனால் நான் வெறும் பால் சோதிக்கிறவன், ஊருக்கு ஆகாதவன். லோகநாயகியின் கூறைப்புடவையை எடுத்து அதை ஏழு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன். "கூறப்பொடவைல கல்லக் கட்டி வெக்கற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறனுங்" என்றாள் லோகநாயகி. அவள் அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பீரோவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. மார்கழி முடிவதற்குள் சங்கத்தில் மற்றப் பத்துப் பேர் அலமாரியும் துடைத்து வைத்தது போல ஆகிவிட்டது. என் அலமாரியும் காலி. பீரோவைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். நீலக் கல் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பூட்டாமல் வைத்தேன், இருந்தது. கதவைத் திறந்து வைத்தேன், இருந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. தை மாதம் ஒரு ஞாயிறு காலையில் கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா. அவிநாசியப்பன் தலைமை. மேடைக்குக் கீழே ஜமுக்காளத்தின் நடுவில், மாவு மில் இருக்கிற திசையைப் பார்த்து நீலக் கல்லை வைத்தார்கள். வாசல் விரியத் திறந்திருந்தது. முந்நூறு பேர் மூச்சு விடாமல் பார்த்தார்கள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, கேசரியும் காரமும் கொடுத்தார்கள், கல் அசையவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். "நாமெல்லாம் கல்லு வெச்சிருந்தோம். நாச்சிமுத்துத்தான் கல்லோட வாழ்ந்துருக்கறாரு" என்று அவிநாசியப்பன் பேசினார். துளசிமணி எழுந்து கையைக் கூப்பி, "எல்லாக் கல்லும் வந்துச்சுங், அண்ணனோட நீலக் கல்லு மட்டும் வரல. அவுரு பாசத்துக்கு முன்னால நான் எம்மாத்தரமுங்" என்றாள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அவள் முகம் வாடியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். வாடவில்லை, அது ஒன்றுதான் குறை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, காலி அலமாரியின் நட்டநடுவில் நீலக் கல்லை வைக்கப் போனேன். பொன்னாடையை மடித்து வைக்க இடம் தேடிக் கீழ் இழுப்பறையை இழுத்தேன். அது புதிதாகச் சங்கத்தில் சேருகிறவர்களுக்கு, கல்போல ஏமாற்றுகிறவற்றைக் காட்டித் தர நான் வைத்திருந்த இழுப்பறை. உள்ளே கப்பிக் கல் மாதிரியே இருக்கிற இரும்புப் பட்டறைக் கசடு ஒன்றும், ஆற்றில் உருண்டு மழமழவென்றாகிவிட்ட பச்சை பாட்டில் துண்டு ஒன்றும் இருந்தன. இரண்டிலும் என் கையெழுத்தில் 'கல் அல்ல' என்று ஒட்டியிருந்தது. நானூற்றுப் பதினொன்றும் போன வீட்டில் அவை இரண்டும் போகாமல் இருந்தன. இழுப்பறையில் இரண்டு, என் கையில் ஒன்று. வீட்டில் மிஞ்சியது மொத்தம் மூன்று.

லென்ஸை எடுக்கக் கை வரவில்லை. அடுத்தவர் பார்க்கக் கூடாது என்று சங்கத்தில் சட்டம் இருந்தது, நான் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனாலும் இருபத்தாறு வருஷமாக நான் பார்த்ததில்லை. நாக்கில் வைத்தேன். கல் என்றால் சில்லென்று நிற்கும். இது இரண்டு நொடியில் வெதுவெதுத்தது. ஜன்னலோரம் போய் லென்ஸைப் பிடித்தேன். நீலத்துக்குள்ளே உருண்டையாக இரண்டு காற்றுக்குமிழ், சோடாவில் வருமே, அந்த மாதிரி. எந்தக் காலத்திலோ யாரோ உடைத்துப் போட்ட நீலக் கண்ணாடி, மண்ணோடு புரண்டு முனை மழுங்கியது. ஒரு சொம்புப் பாலில் ஓர் ஆழாக்குத் தண்ணீர் இருந்தாலும் கண்டுபிடித்து நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறவன் நான். அதை அலமாரியிலேயே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம்தான் கூட்டம் வரத் தொடங்கியது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வந்து, விட்டுப் போகாத கல் என்று அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வெளியூர் போன புருஷன் திரும்ப வேண்டும் என்று ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டினாள். லோகநாயகி மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, "எங்க ஊட்டுக்காரரு கையில பட்டது அப்படிங்க" என்று எல்லோருக்கும் சொன்னாள், அவள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் தலைவர் பதவி போகும், பொன்னாடை போகும், அவளுடைய அந்த முகமும் போகும். சொல்லாமல் இருந்தால், அது அங்கேயே அசையாமல் உட்கார்ந்திருப்பதைத் தினமும் நான் பார்க்க வேண்டும். அவிநாசியப்பன் இன்னும் காலி அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார் என்று சொன்னார்கள். எனக்கு அவர்மேல் வந்த பொறாமை, துளசிமணி மேல்கூட அப்படி வந்ததில்லை. அவரை விட்டுப் போனது கல். அவரிடம் விட்டுப் போக ஒன்று இருந்திருக்கிறது.

மாசி மாதம் ஒரு காலையில், பால் வண்டி போன பிறகு, நான் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் மஞ்சள் கோட்டில் வைத்தேன். ஒரு நிமிஷம் காத்திருந்தேன், அப்போதும் ஓர் ஆசை. பிறகு குனிந்து ஒரு விரலால் தள்ளினேன். ஒரு சாண் போயிற்று. மறுபடி தள்ளினேன். இடுப்பு வலித்தது, உட்கார்ந்து உட்கார்ந்து தள்ளினேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தேன், ஆனால் எப்படியோ ஊரே ரோட்டில் இருந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வழி விட்டார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது, பிறகு வேறு பேச்சுத் தொடங்கியது. தாராபுரத்துப் பஸ் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றது. கண்டக்டர் என் கையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு பஸ்ஸுக்குள்ளே திரும்பி, "எறங்கறவங்க எறங்கிக்கங்க, கல்லு போகுதுங்க, நேரமாகும்" என்றார். வேகத்தடை வந்தபோது அவிநாசியப்பன் எங்கிருந்தோ வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அதைக் கையில் எடுத்து அந்தப் பக்கம் விட்டார். கையில் எடுத்தவருக்கு அது கல்லின் கனமில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

துளசிமணி மில் படியில் சொம்போடு நின்றாள். நான் குனிந்தபடியே அதைப் படிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை.

"வந்துருச்சுங்களாண்ணா" என்றாள்.

"வந்துருச்சு" என்றேன்.

மற்றக் கற்களுக்கு ஊற்றியது போலவே நிறைசொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள், முந்தானையால் ஒற்றினாள். வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள், குமிழ் இரண்டும் எனக்கே தெரிந்தன. "நல்லாருக்குதுங்" என்று மட்டும் சொல்லி உள்ளே எடுத்துப் போனாள். பலகையில் ஒரு விரற்கடை இடம்கூட இல்லை, நிலாக்கல்லும் கார்னெட்டும் என் ஆறுபட்டைப் படிகமும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அப்போது பலகையில் இருந்த அத்தனை கற்களும், என்னைத் திரும்பிப் பார்க்காமல் போன அத்தனை கற்களும், மெதுவாக உரசிக்கொண்டு இந்தப் பக்கம் கொஞ்சமும் அந்தப் பக்கம் கொஞ்சமும் நகர்ந்து, நடுவில் அதற்கு இடம் விட்டன. நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணாடித் துண்டின் மேல் எனக்கு அப்படிப் பொறாமையாக இருந்தது.